மலையிறங்கும் மாணவர்
(ஊராட்சி உறுப்பினரும் உழவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாலை, குடிநீர், விதை, எரு, கூட்டுறவுக் கடன் ஆகிய பொருள்களைப் பற்றியே நாம் பெரும்பாலும் கூடிப் பேசுகிறோம். அவை யாவும் இன்றியமையாதவை. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அவற்றின் முன்னே மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் பயிலும் சிறுவர் சிறுமியர் மலையிறங்கிச் சென்னை மாநகரைக் காணச் செல்லும் பிரயாணம் பற்றியே பேச விரும்புகிறேன். "பிள்ளைகள் பட்டணம் பார்க்கப் போவதில் ஊராட்சிக்கு என்ன வேலை? அது வாத்தியார் பாடு" என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அது ஊராட்சியின் வேலையே என்பதையும், ஊருக்குச் சாலை போடுவதற்கு ஒப்பான வேலை என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

சமவெளியிலிருந்து வந்திருக்கும் அன்பர்களின் பொருட்டு மலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டில் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது, புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு முதலிய பகுதிகள் அதனோடு சேர்ந்தன. வேலூர் மாவட்டத்தின் பங்கில் பீஞ்சமந்தை முதலிய ஊர்கள் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பகுதி ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, 11 ஊராட்சிகள் அடங்கிய தனி ஒன்றியமாக இயங்கி வருகிறது.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரள நாட்டினர் என்று மயங்குவோர் நகரங்களில் இன்றும் உளர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்களது தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சாமையும் கொள்ளும் விளைத்து, தேனும் புளியும் சேகரித்து வாழ்கின்ற உழைப்பாளிகள் அவர்கள்.

கல்வியில் அவர்கள் நிலை யாது? 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 100-க்கு 80 பேர். பழங்குடி மக்களிடையே 100-க்கு 54 பேர். அதற்குப் பின் நிலைமை எவ்வளவோ முன்னேறியிருக்கலாம். பழங்குடியினர் நலத்துறையும் வனத்துறையும் மலைமேல் பள்ளிகளை நடத்துகின்றன. உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கின்றனர். எனினும், பள்ளியில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை நிலைத்துப் படிப்பதே இன்றும் பெரும் பாடாக இருக்கிறது.

கீழிறங்கும் வழி

ஜமுனாமரத்தூரிலிருந்து கீழிறங்கப் போளூர் வழியுண்டு, காவலூர், ஆலங்காயம் வழியுண்டு, திருப்பத்தூர் வழியுமுண்டு. இவ்வழிகளில் மலைமக்கள் எதற்காக இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புளி விற்க இறங்குகிறார்கள். நோயாளியைச் சுமந்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் கூலி தேடி இறங்குகிறார்கள். மானாவாரி விளைச்சல் ஆண்டு முழுவதும் சோறிடாதபோது காப்பித் தோட்டத்துக்கும், செங்கற் சூளைக்கும், கட்டட வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் பெயர்கின்றனர். பெற்றோருடன் பிள்ளையும் பெயருகிறது. அவ்வாண்டின் படிப்பு அங்கேயே நின்றுபோகிறது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பலகையில் பிள்ளை இராது.

இதனினும் கொடிய வழியொன்றும் உண்டு. அதிகக் கூலி தருவதாக ஆசை காட்டி, என்ன வேலை என்பதையும் சரிவரச் சொல்லாமல், தரகர்கள் நம் இளைஞரை ஆந்திர மாநிலத்துச் செம்மரக் காடுகளுக்கு அழைத்துச் சென்ற கதை நீங்கள் அறிந்ததே. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தொழிலாளர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்கள் வீடுகளில் அன்று எழுந்த அழுகுரலை இம்மலை இன்னும் மறக்கவில்லை.

தரகனுடைய பேச்சு எப்படி எடுபடுகிறது? கேட்பவன் அறிவற்றவன் என்பதாலன்று. காட்டில் எந்தச் செடி எந்த நோய்க்கு ஆகும் என்று அறிந்தவன். மேகத்தைப் பார்த்து மழை சொல்லக் கூடியவன். ஆனால் கீழ் உலகத்தைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம் தரகன் சொல்லியதே. ஒரு வேலைக்கு என்ன கூலி, ஓர் ஊர் எவ்வளவு தொலைவு, அங்கிருந்து தனியே திரும்புவது எப்படி, இடர் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைத் தானே கண்டறிய அவனுக்கு வாய்ப்பு இருந்ததில்லை.

ஆதலின் நான் சொல்ல வந்தது இதுதான்: மலைக் குழந்தை முதன்முதலாகச் சமவெளி நகரத்தில் காலடி வைக்கும் நாள், அது மாணவனாக, விருந்தினனாக வரும் நாளாக இருத்தல் வேண்டும். கூலியாளாக வரும் நாளாக இருத்தல் ஆகாது. ஆசிரியர் உடன்வர, தோழர்கள் சூழ, பாட்டுப் பாடிக்கொண்டு ஒருமுறை இறங்கிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பிய பிள்ளையை, பிற்காலத்தில் எந்தத் தரகனும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

அச்சம் தெளிதல்

இப்பிரயாணத்தால் விளையும் பயன் யாது? மாடமாளிகைகளைக் கண்டு வியப்பது சிறு பயனே. அச்சம் தெளிவதே பெரும் பயன். பயணச்சீட்டு வாங்குதல், பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறுதல், அலுவலகத்தில் எந்தச் சாளரத்தில் விண்ணப்பம் கொடுப்பது என்று வினவுதல், சாலை கடத்தல் ஆகியவை நகரத்துப் பிள்ளைக்கு விளையாட்டு. மலைப் பிள்ளைக்கோ, பதினெட்டு வயதில் கல்லூரி விண்ணப்பத்தோடு தனியே வந்து நிற்கும்போது, இவை ஒவ்வொன்றும் ஒரு மதில். பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளும் இம்மதிலைக் கண்டு மலைத்து வீடு திரும்பிவிடுவது உண்டு. பன்னிரண்டு வயதில் ஒருமுறை வந்து போனவனுக்கு அம்மதில் பாதி உயரமாகிவிடும்.

எடுத்துக்காட்டு வேண்டுமாயின் தொலைவில் தேட வேண்டியதில்லை. இம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பெண்மணி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேர்ச்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் தேர்வு நடந்தபோது, குழந்தை பெற்ற சில நாட்களுக்குள்ளாகவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்து சென்னை வந்து தேர்வெழுதினார். அவரது மனவுறுதியைத் தமிழகமே பாராட்டிற்று. முதலமைச்சரும் வாழ்த்துக் கூறினார். ஏலகிரி மலையில் தங்கிப் படித்து, சட்டம் பயின்று, அந்த நிலையை அவர் எய்தினார். அந்த 200 கிலோமீட்டர் தொலைவு அவருடைய உறுதியைத் தடுக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளை அது தடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும். அசாதாரண உறுதி படைத்தவர் மட்டுமே கடக்கக் கூடிய தொலைவாக அது இருத்தல் தகாது.

பெற்றோர் கூறும் தடை

இரண்டு தடைகள் கூறப்படுவதை நான் அறிவேன். "முதலில் சாலை போடுங்கள், பட்டணப் பிரயாணம் அப்புறம் ஆகட்டும்" என்பது ஒன்று. 2023-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைப்பகுதியில், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை சரியான சாலை இல்லாமையால் காலத்தில் மருத்துவமனை சேர இயலாமல் உயிர் நீத்தது. பெற்ற தாய் உயிரற்ற குழந்தையைச் சுமந்து மலையேறிய செய்தி நாட்டையே கலக்கியது. எனவே சாலையின் அவசியத்தை மறுப்பவர் எவருமிலர். ஆயினும் சாலை கேட்டு மனு எழுதவும், அம்மனு எந்த அலுவலகத்தில் தங்கியிருக்கிறது என்று தேடிப் பிடிக்கவும், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வேண்டாமா? சாலையும் பள்ளியும் வண்டியின் இரு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றதைப் பூட்டினால் வண்டி நகராது.

"பட்டணம் பார்த்த பிள்ளை வீடு தங்காது, சாமைக் கூழை வெறுக்கும்" என்பது மற்றொரு தடை. இதை அறியாமை என்று தள்ளிவிடுதல் தவறு. இவ்வச்சத்துக்கு உலக வரலாற்றில் சான்று உண்டு. நம்மைப் போலவே தொலைவான ஆதிக்குடி ஊர்கள் பலவற்றைக் கொண்ட நாடு ஆஸ்திரேலியா. அங்கே, நாகரிகம் கற்பிக்கிறோம் என்ற பெயரால், 20-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 1970 வரை, ஆதிக்குடிக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளிலும் பிறர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். தாய்மொழியையும் சுற்றத்தையும் இழந்து அவர்கள் பட்ட துயரத்துக்காக, 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று அந்நாட்டின் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

இதனின்று நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. பெற்றோரின் மனமார்ந்த சம்மதமின்றி ஒரு பிள்ளையையும் வண்டியில் ஏற்றலாகாது. கையொப்பமோ கைநாட்டோ வாங்கிக்கொள்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. எங்கே போகிறோம், எங்கே தங்குகிறோம், யார் உடன்வருகிறார்கள், எப்போது திரும்புகிறோம் என்பவற்றை ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஆசிரியர் விளக்குதல் வேண்டும். தாய்மார் இருவரையேனும் உடன் அழைத்துச் செல்வது மிக நன்று. அவர்கள் தம் கண்ணால் கண்டு வந்து சொல்லும் சொல், நூறு சொற்பொழிவுகளுக்கு மேலானது.

ஆற்றைப் பின்பற்றிச் செல்லுதல்

இனி, பிள்ளைகளுக்கு எவற்றைக் காட்டுவது என்பதைப் பார்ப்போம். ஒரே நாளில் பத்து இடங்களை ஓடியோடிக் காட்டினால் எதுவும் மனத்தில் தங்காது. அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்வதே கல்வி முறை. மலைப் பிள்ளை அறிந்தது தன் மலையும் அதன் நீரும். ஆகவே ஆற்றைப் பின்பற்றிச் செல்லும் வகையில் இப்பிரயாணத்தை அமைக்கலாம் என்பது என் கருத்து.

செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து வயல்களை நனைத்துச் சென்று, காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அங்கிருந்து கல்பாக்கத்துக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. தம் ஊர் ஓடையில் கால் நனைத்த பிள்ளைகள், திருமுக்கூடலின் கரையில் நின்று "நம் மலைத் தண்ணீர் இதுவரை வந்திருக்கிறது" என்று அறிந்து, பிறகு கடலைக் காணட்டும். பூகோளப் பாடம் அன்று அவர்களுக்கு எழுத்தாக இராது, உண்மையாகிவிடும். செய்யாற்றங்கரை உழவர்களும் அவர்களை எதிர்கொண்டு ஒருவேளைச் சோறிட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! மலையில் காடு நின்றால்தான் கீழே ஆறு ஓடும். அக்காட்டின் நடுவே வாழ்பவரின் பிள்ளைகள் அவர்கள்.

வழியில் காஞ்சிபுரம் வருகிறது. முன்னோர் புறப்பட்ட ஊர் என்று பாட்டிமார் கதைகளில் கேட்ட ஊரை நேரில் காணும்போது, நகரம் முற்றிலும் அந்நியமானதன்று என்ற எண்ணம் பிள்ளைகளின் உள்ளத்தில் எழும்.

திரும்பும்போது இரயிலில் வரலாம். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. அந்த வாலாஜா நிலையமும் இவ்வழியிலேயே இருக்கிறது. காட்பாடியைத் தாண்டியபின் ஆம்பூர், வாணியம்பாடி வரும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பாலாறு பட்ட கேட்டையும், அது குறித்து 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் ஆசிரியர் அங்கே எடுத்துச் சொல்லலாம். நகரத்தின் பெருமையோடு அதன் பிழையையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

வழிகாட்டி அழைத்துச் செல்வது நம் முன்னோருக்குப் புதிதன்று. சங்க இலக்கியமாகிய மலைபடுகடாம், செங்கத்துத் தலைவன் நன்னனிடம் செல்லும் கலைஞர் கூட்டத்துக்கு வழி சொல்லும் நூல். எந்த வழியில் இடர் உண்டு, எவர் வீட்டில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. சேயாற்றையும் அது பேசுகிறது. செங்கமோ இம்மலையின் அடிவாரத்து ஊர். வழியனுப்புபவர் வழியின் இடரையும் உணவையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்ற முறை இம்மண்ணிலேயே ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது.

மாநகரில் காண வேண்டியவை

சென்னையில் கடற்கரையைக் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்பார்கள். ஆனால் அலையில் இறங்க விடாமல் கரையில் நின்று பார்க்கச் செய்தல் வேண்டும். எழும்பூரில் 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் உள்ளது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பழம்பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. ஜவ்வாது மலையிலும் பழங்காலத்துக் கற்திட்டைகள் உண்டு. பிள்ளைகள் அவற்றினருகே ஆடு மேய்த்திருப்பார்கள். தம் ஊர்க் கற்களும் இத்தகைய மதிப்புடையன என்று அங்கே உணர்வார்கள்.

கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. அங்கே அரை நாள் அமர்ந்து விரும்பிய நூலை எடுத்துப் படிக்க விடுங்கள். உயர்நீதிமன்றக் கட்டடத்தை வெளியிலிருந்தேனும் காட்டி, மலையில் பிறந்தவரும் நீதிபதியாவர் என்று சொல்லுங்கள். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. மலையிலிருந்து கொடிய நோயோடு அனுப்பப்படுவோர் பிற்காலத்தில் வந்து தடுமாறும் இடம் அது. வாயில் எங்கே, புறநோயாளிச் சீட்டு எங்கே தருவார்கள் என்பதை மூத்த பிள்ளைகள் அறிந்து வைப்பது ஒரு குடும்பத்தையே காப்பாற்றக் கூடும்.

அந்த நூலகத்துக்கு அருகிலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அங்கே இருட்டறையில் விண்மீன்களைக் காட்டுவார்கள். அதைக் காணும்போது ஆசிரியர் ஒன்றை மறவாமல் சொல்லுதல் வேண்டும். நகரத்தின் விளக்கொளியில் விண்மீன்கள் மறைந்துபோவதால்தான் இங்கே கூரையின்மேல் அவற்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. உண்மையான வானத்தை ஆராய அறிவியலார் தேடி வந்தது ஜவ்வாது மலையையே. காவலூரில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வு மையம் அமைந்திருக்கிறது. அங்கே 1972-ஆம் ஆண்டில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளமைக்கு 1977-ஆம் ஆண்டில் சான்று கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. உலகம் தேடி வரும் செல்வம் தம் மலையிலேயே இருக்கிறது என்பதைச் சென்னையில் இருந்தபடி அறிவது, பிள்ளைகளின் தலையை நிமிர்த்தும். பட்டணம் கண்ட பிள்ளை மலையை வெறுக்குமோ என்ற அச்சத்துக்கும் இதுவே மருந்து.

நகரத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

இப்பிள்ளைகளை வரவேற்கும் நகரத்துப் பள்ளிகளும் சங்கங்களும் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அவர்களைக் காட்சிப் பொருளாக்காதீர்கள். மேடையேற்றி வரிசையாக நிறுத்தி, ஒரு பொட்டலத்தைக் கையிற்கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வேண்டா. தேன் எடுப்பது எப்படி, சாமை விதைப்பது எப்போது, காட்டு விலங்கின் காலடியை எப்படி அறிவது என்று அவர்களைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை மலைக்கு அனுப்புங்கள். போக்கும் வரத்தும் இருந்தால்தான் உறவு நிலைக்கும்.

ஊராட்சி செய்ய வேண்டியவை

இனிச் செயல்முறைக்கு வருகிறேன். ஊராட்சியினரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிச் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே இது பெற்றோரின் முயற்சியாகவே அமையக்கூடும்.

முதலாவதாக, நன்றாகப் படிக்கும் நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பலாகாது. ஒரு வகுப்பு முழுவதும் செல்லட்டும். எட்டாம் வகுப்பு இதற்கு ஏற்றது. அதற்குப் பின்னரே பலர் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள். இடையிடையே வராமல் இருக்கும் பிள்ளையும், பெற்றோர் வெளியூர் சென்றிருக்கும் பிள்ளையும் கட்டாயம் செல்லுதல் வேண்டும். பெண்குழந்தைகளை விட்டுவிட்டுச் செல்லுதல் கூடவே கூடாது. அவர்கள் பொருட்டு ஆசிரியை ஒருவர் உடன்வருதல் வேண்டும்.

இரண்டாவதாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கொண்டு பிள்ளைகளை முன்னதாகச் சோதித்தல் வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இயல்பு. அதனால் புறப்படும் காலையில் எளிய உணவே கொடுத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருந்துப் பெட்டியும் கைவசம் வைத்தல் வேண்டும். இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது. பள்ளியின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, பணம். துறை அலுவலர்களிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் உரிய காலத்தில் விண்ணப்பித்துக் கேட்டல் வேண்டும். கல்விச் சுற்றுலாவுக்கு இரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டா, எவ்வளவு என்பதைத் தலைமையாசிரியர் முன்னதாகவே நிலைய அதிகாரியிடம் கேட்டறிதல் நலம். ஆனால் முழுவதும் அரசாங்கமே தரட்டும் என்று இராமல், அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு படி சாமை என்று ஊரார் சேர்ப்பார்களாயின், அது பிள்ளைகளின் வழியுணவுக்கும் ஆகும். இது நம் ஊர்ப் பிரயாணம் என்ற உரிமையுணர்வும் வளரும். வரவு செலவு முழுவதையும் ஊரார் முன் படித்துக் காட்டுதல் வேண்டும்.

நான்காவதாக, முதல் ஆண்டிலேயே சென்னை செல்ல இயலாத ஊர்கள் மனம் தளர வேண்டா. மாவட்டத் தலைநகருக்கு ஒருநாள் சென்று ஆட்சியர் அலுவலகம், வங்கி, நூலகம் ஆகியவற்றைக் கண்டு திரும்புவதும் நல்ல தொடக்கமே. அதனினும் எளியது, காவலூருக்கு அருகிலுள்ள பள்ளிகள் வானாய்வு மையத்தைச் சென்று காண்பது.

கிராம சபையில் பிள்ளைகள்

பிரயாணம் முடிந்து வீடு சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவது இப்போதைய முறை. அவற்றுள் அடுத்து வரும் கூட்டத்தில், சென்று வந்த பிள்ளைகள் எழுந்து நின்று தாம் கண்டவற்றைப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். சபையில் பேசிப் பழகிய பிள்ளை பிற்காலத்தில் சபைக்குத் தலைமை தாங்கும்.

உழவர்களாகிய உங்களுக்குப் பயன்படும் வேலை ஒன்றையும் அப்பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சென்னையின் கடைகளில் சாமை அரிசி, தேன், புளி ஆகியவை கிலோ என்ன விலைக்கு விற்கின்றன என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரட்டும். உமியோடு கூடிய சாமைக்கு மலையில் வியாபாரி கொடுக்கும் விலை என்ன, உமி நீக்கிப் பையிலிட்டபின் நகரத்தில் அதன் விலை என்ன என்று கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டட்டும். கணக்குப் பாடமும் ஆயிற்று. இடையிலுள்ள வேறுபாடு யார் கைக்குச் செல்கிறது என்ற கேள்வியும் சபையில் எழும். உமி நீக்கும் இயந்திரம் நம் ஊருக்கு வேண்டும், உழவர் சேர்ந்து விற்க வேண்டும் என்ற முடிவுக்கு ஊரார் தாமாகவே வருவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம், ஊரின் வருவாயை உயர்த்தும் கருவியாகக் கூடும்.

கூலி தேடி இறங்குவோரின் தொகை ஒரு பிரயாணத்தால் குறைந்துவிடும் என்று நான் கூறவில்லை. விளைச்சல் பெருக வேண்டும், விலை கிடைக்க வேண்டும், சாலை வர வேண்டும், மேற்படிப்புக்கு வழி வேண்டும். ஆனால் இவை அனைத்தையும் கேட்டுப் பெறக் கூடிய தலைமுறையொன்று உருவாக வேண்டும். உலகத்தைத் தன் கண்ணால் கண்டு, அஞ்சாது வினவி, திரும்பி வந்து தன் ஊருக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளைகளே அத்தலைமுறை.

ஆதலின், அன்பார்ந்த ஊராட்சி உறுப்பினர்களே, அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சாலை, குடிநீர் ஆகியவற்றின் கீழே "எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரயாணம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உழவர் பெருமக்களே, இவ்வாண்டு சாமை அறுத்ததும் ஒரு படி எடுத்து வையுங்கள். தாய்மார்களே, பிள்ளையின் பையில் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் மறவாமல் வைத்து வழியனுப்புங்கள்.